அஞ்சாலைக்கு ஒரு தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைத் தராசில் பாசியை நிறுத்துப் பார்ப்பது என் வழக்கம். போன வாரம் 310 கிராம். தண்ணீரை நன்றாக வடியவிட்டு, பழைய துண்டில் ஒற்றி எடுத்த பிறகு வந்த எடை இது. பக்கத்திலேயே ஒரு நோட்டு இருக்கும். அந்த வாரம் மீன்களுக்குக் கொடுத்த இறால், கணவாய், நெத்திலி எல்லாவற்றின் எடையும் அதில் எழுதியிருப்பேன். போன வாரம் 42 கிராம். வாரா வாரம் இந்த இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியாமல் போய்க்கொண்டிருந்தால் என் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். டெஸ்ட் கிட்டை எடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வீடு சென்னையில். தொட்டி ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பாறையும் மணலும் போக 450 லிட்டர் கடல்நீர் நிற்கிறது. அதில் மீன்கள் இரண்டே இரண்டு. ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்த, விஷ முட்கள் கொண்ட லயன்ஃபிஷ் ஒன்று, விலாங்கு மாதிரி நீண்டு ஒரு முழத்துக்குச் சற்று மேல் இருக்கும் அஞ்சாலை ஒன்று. அஞ்சாலையில் பல வகை உண்டு. என்னிடம் இருப்பது எகிட்னா நெபுலோசா என்ற வகை. வெள்ளை உடம்பில் மைத்துளி சிதறியது போலக் கருப்புத் திட்டுகள், திட்டுக்குள் மஞ்சள் புள்ளிகள், மூக்கின் மேல் குட்டிக் குழாய் மாதிரி இரண்டு மஞ்சள் நாசிகள். மிச்ச இடம் முழுக்கப் பாசி. சிவப்பில் ஒன்று, பச்சையில் இரண்டு.

வேட்டை மீன்களை வளர்ப்பவர்களின் தொட்டிகளைப் பார்த்தால் பெரும்பாலும் மொட்டைப் பாறைதான் இருக்கும். நானும் முதல் நான்கு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். சொல்லப்படும் காரணம் எளிது. இந்த மீன்கள் ஊன் தின்பவை, கழிவு அதிகம், தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், அதில் மென்மையான எதுவும் பிழைக்காது. அதோடு நம் நாட்டில் பவளம் வைக்கவும் முடியாது. 2001இல் கல்பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அதற்கப்புறம் தொட்டியில் உயிருள்ளதாக மீனைத் தவிர வேறென்ன வைப்பது என்ற கேள்வி எஞ்சியது. பிளாஸ்டிக் பவளத்தை வாங்கி வைத்தேன். ஆறு மாதத்தில் அதன் மேல் பழுப்பு வழுவழுப்பு படிந்து, பார்க்கவே மனது கேட்கவில்லை.

கேள்விக்கான பதில் மண்டபம் பக்கத்தில் ஒரு கரையில் கிடைத்தது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ராமநாதபுரம் போயிருந்தேன். மறுநாள் சும்மா கடற்கரைக்குப் போனபோது, பாசி எடுக்கும் பெண்கள் சிலர் கரையேறிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி, விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கீற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பாறையில் கையைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தக் கட்டு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, தண்ணீர் வற்றும் நாட்களில்தான் இறங்குவார்களாம். அலை ஒதுக்கிப் போட்டிருந்த பாசியில் நான் ஒரு பிடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்று கேட்டார்.

"என்ன தம்பி, செத்தையைப் போய்ப் பொறுக்குறீக?"

"வீட்ல கண்ணாடித் தொட்டி இருக்குக்கா. உப்புத் தண்ணிதான். அதுல இது வளருமான்னு பாக்குறேன்."

"மீனு கிடக்கா தொட்டியில?"

"அஞ்சாலை ஒண்ணு கிடக்கு."

அவர் வலது கையை நீட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு பழைய தழும்பு. "இது அது கடிச்சதுதான். பாசி இருக்கிற கல்லுக்குள்ளதான் அது கிடக்கும். நாங்க பாசிக்குக் கை விடுவோம், அது கையைப் பிடிக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சாலை பாசியைத் தொடாது. ஓராவை மட்டும் தொட்டியில விட்றாதீக தம்பி. ஒரு பொழுதுல மேஞ்சுட்டுப் போயிரும்."

நான்கு வருடமாக நான் படித்த எதிலும் இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை. பாசியும் அஞ்சாலையும் கடலில் ஒரே கல்லில்தான் இருக்கின்றன. பாசிக்கு எதிரி மேயும் மீன்தான். ஓரா, டேங் என்று நாம் ஆசையாக வாங்கும் சாதுவான மீன்கள் எல்லாம் பாசிக்கு ஆடு மாடு மாதிரி. பவளப்பாறைகளில் பெரிய பாசி கண்ணில் அதிகம் படாததற்கு ஒரு முக்கியக் காரணமே இந்த மேய்ச்சல்தான். என் தொட்டியிலோ மேய்கிற வாய் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று வந்தாலும் லயன்ஃபிஷ் அதை விட்டுவைக்காது.

அவரிடமே பெயர்களைக் கேட்டுக்கொண்டேன். என் கையில் இருந்தது கஞ்சிப்பாசி. கிராசிலேரியா எடுலிஸ் என்று புத்தகங்களில் இருப்பது. அதைக் காய்ச்சித்தான் அகர் எடுக்கிறார்கள். நோன்பு காலத்தில் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் சாப்பிடும் அந்தக் கடல்பாசி இனிப்பு அகரில் செய்வதுதான். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று இன்னும் மூன்று நான்கு பெயர் சொன்னார். ஒவ்வொரு பெயரும் அந்தப் பாசியைப் பார்த்தவுடனே விளங்குகிற பெயர். பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1927இலேயே மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றிச் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதியிருக்கிறார். அந்தக் கடல் அப்போதிருந்தே பாசிக்காரர்களுக்குத் தெரிந்த இடம். இப்போது குருசடை உட்பட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே எதையும் எடுக்கக்கூடாது. நான் எடுத்து வந்தது பூங்காவுக்கு வெளியே, கரையில் அலை ஒதுக்கிய ஒரு பிடி மட்டும்தான்.

அந்த ஒரு பிடியை நல்ல தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, ஒட்டியிருந்த பூச்சி புழுவை உதறி, தனி வாளியில் மூன்று வாரம் வைத்திருந்து, அப்புறம் பெரிய தொட்டிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாதத்தில் அது முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்குப் பரவிவிட்டது.

இங்கே அந்த எண்களுக்கு வருகிறேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்குத் தொட்டி புரிந்தது.

இறால், கணவாய், மீன் எதுவானாலும் சதையில் சுமார் 18 சதவீதம் புரதம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். 42 கிராம் தீனி என்றால் ஏழரை கிராம் புரதம், அதில் 1.2 கிராம் நைட்ரஜன். அதில் ஒரு பங்கு மீனின் உடம்பில் சேரும். முழுவதும் தண்ணீரில் நைட்ரேட்டாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆக்சிஜனின் எடையும் சேர்ந்து ஐந்து கிராமுக்கு மேல் வரும். 450 லிட்டரில் அது லிட்டருக்கு 12 மில்லிகிராம். ஒரு வாரத்துக்கு. மாதம் 50 ஏறும். மொட்டைப் பாறைக் காலத்தில் என் நைட்ரேட் 100ஐத் தாண்டி நின்றதும், மாதம் இரண்டு முறை வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றி இடுப்பு விட்டுப்போனதும் இதனால்தான்.

இப்போது பாசிப் பக்கம். 310 கிராம் ஈரப் பாசியில் பத்தில் ஒரு பங்குதான் உலர்ந்த பொருள். 31 கிராம். அதில் நைட்ரஜன் மூன்று சதவீதம் என்று குறைவாகவே வைத்தாலும் 0.93 கிராம். உள்ளே போனது 1.2, நான் கையால் அறுத்து வெளியே எடுத்தது 0.93. மீதியில் மீனின் உடம்பில் சேர்வது கொஞ்சம், பாறைக்குள் இருக்கும் பாக்டீரியா வாயுவாக்கி அனுப்புவது கொஞ்சம். ஆக, லயன்ஃபிஷ் தின்ற இறால்தான் வாரக் கடைசியில் சிவப்புப் பாசியாக என் தராசில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. மீன் கழிக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கு செவுள் வழியாக அம்மோனியாவாகத்தான் வெளியே வருகிறது. பாசிகளுக்கு நைட்ரேட்டைவிட அம்மோனியா சுலபம். பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும் முன்பே பாசி எடுத்துக்கொள்கிறது. மீன் மூச்சு விடுகிற இடத்திலேயே பாசி நிற்பது அதனால்தான் அவ்வளவு பயன்.

இது நிஜமாகவே இப்படித்தான் நடக்கிறது என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பன்னிரண்டு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வளர்ந்த லயன்ஃபிஷ் அவ்வளவு நாள் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டுப் பையனிடம் தீனி போட வேண்டாம், ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்று என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மீன்கள் இரண்டும் நலம். கஞ்சிப்பாசிதான் வாடியிருந்தது. ஒயின் நிறத்தில் இருந்தது வைக்கோல் நிறத்துக்கு வெளிறிப்போயிருந்தது. சிவப்புப் பாசிக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் ஃபைகோஎரித்ரின் ஒரு புரதம். நைட்ரஜன் கிடைக்காதபோது பாசி அந்தப் புரதத்தையே உடைத்துச் சாப்பிட்டுக்கொள்ளும். மீன்களுக்கு மறுபடி தீனி போட ஆரம்பித்த பத்தாவது நாள் அடிப்பகுதியில் சிவப்பு ஏறத் தொடங்கியது. பசித்தவன் முகத்தில் சாப்பிட்ட பிறகு வரும் தெளிவு மாதிரி இருந்தது அது. அன்றிலிருந்து பாசியின் நிறத்தைப் பார்த்துத்தான் மீனின் தீனியை முடிவு செய்கிறேன்.

தீனியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்லின் அட்கின்சன், ஸ்டீபன் ஸ்மித் என்ற இருவர் 1983இல் கடலடித் தாவரங்களின் உடம்பில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று தொகுத்தார்கள். 550க்கு 30க்கு 1. மிதக்கும் நுண்பாசிகளில் அது 106க்கு 16க்கு 1. அதாவது பெரிய பாசி நைட்ரஜனோடு ஒப்பிட்டால் பாஸ்பரஸைக் குறைவாகத்தான் எடுக்கும். நெத்திலியை முள்ளோடு முழுசாகக் கொடுத்தால் எலும்பில் இருக்கும் பாஸ்பரஸ் கூடுதலாக வந்து சேரும். நைட்ரேட் தீர்ந்துபோய் பாஸ்பேட் மட்டும் மிஞ்சி, பாசி அப்படியே நின்றுவிடும். நான் ஓடு நீக்கிய இறாலையும் கணவாயையும் பிரதானமாக்கி, நெத்திலியை வாரம் ஒரு நாளுக்குக் குறைத்த பிறகு அந்தத் தொல்லை போனது.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி., ஒன்பது மணி நேரம். கீழே சம்ப் என்ற துணைத் தொட்டியில், கீட்டோ என்று எல்லோரும் சொல்லும் கீட்டோமார்ஃபா என்ற பச்சைப் பாசி, சிக்கெடுக்காத நைலான் நூல் கண்டு மாதிரி. அதற்கு விளக்கு இரவில் எரியும். பகலில் மேலே இருக்கும் பாசியும் இரவில் கீழே இருக்கும் பாசியும் மாறி மாறி வேலை செய்வதால் தண்ணீரின் அமில கார அளவான பி.ஹெச். ஒரேயடியாக ஏறி இறங்குவதில்லை. மே மாதத்தில் மூன்று ஃபேன் ஓடும். நாளைக்கு ஆறேழு லிட்டர் ஆவியாகிப் போகும், அதை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். முதலில் நீலக் கிளாத்தி ஒன்றும் வைத்திருந்தேன். அது பாசியைத் தின்றதைவிடப் பிய்த்துப் போட்டது அதிகம். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

அஞ்சாலையால் வரும் சிக்கல் வேறு மாதிரி. அது பாசியைத் தின்னாது. ஆனால் போகிற வழியில் இருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும். பாறை இடுக்கில் செருகி வைத்த பாசி மறுநாள் காலையில் ஓவர்ஃப்ளோ குழாயில் அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளங்கை அளவு தட்டைக் கல்லில் தூண்டில் நரம்பால் பாசியைக் கட்டி, அந்தக் கல்லை மணலில் பாதி புதைத்து வைத்தேன். அப்புறம் அசையவில்லை. இன்னொன்று, பாசியின் மேல் படரும் மயிர்ப்பாசியைச் சுத்தம் செய்ய மற்றவர்கள் துறவி நண்டு, இறால் வகைகளை விடுவார்கள். என் தொட்டியில் அதெல்லாம் அஞ்சாலைக்கு விருந்து. அதன் பற்களே நண்டு ஓட்டை உடைக்கிற மொட்டைப் பற்கள். தொண்டைக்குள் இரண்டாவது தாடை வேறு இருக்கிறது. முன் தாடை கவ்வியதும் அது முன்னால் வந்து இரையை உள்ளே இழுக்கும். அஞ்சாலை இனத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007இல்தான் படம் பிடித்துக் காட்டினார்கள். ஆக, சுத்தம் செய்கிற வேலை முழுவதும் என் கைக்குத்தான். பழைய டூத் பிரஷ், ஒரு மணி நேரப் பொறுமை.

அந்தக் கைவேலையில்தான் ஒரு நாள் முள் குத்தியது. லயன்ஃபிஷுக்கு முதுகில் 13, வயிற்றுத் துடுப்பில் 2, குதத் துடுப்பில் 3, ஆக 18 விஷ முட்கள். அது துரத்திக் குத்துகிற மீன் இல்லை. நான் அதைப் பார்க்காமல் பாசிக்குள் கையை விட்டேன், அது முதுகைத் திருப்பியது. இடது ஆள்காட்டி விரலில் ஒரே ஒரு குத்து. பத்து நிமிடத்தில் வலி தோள்வரை ஏறியது. மனைவி கை தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். விஷம் புரதம் என்பதால் சூட்டில் சிதையும். ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிச் சுடுதண்ணீரில் வைத்திருந்துவிட்டு மருத்துவமனைக்கும் போய் வந்தோம். மூன்று நாள் வீக்கம் இருந்தது. இப்போதெல்லாம் நடுவில் அக்ரிலிக் பலகையை இறக்கி, மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பேன். வீட்டில் குழந்தை இருப்பவர்கள் தொட்டிக்குப் பூட்டு போடுங்கள், தயவுசெய்து.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது முள் இல்லை, ஒரு பாசி. காலெர்ப்பா.

நண்பர் ஒருவர் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார். இறகு மாதிரி இலைகள், மணலில் ஓடும் கொடி, கொடியிலிருந்து ஊன்றும் வேர் போன்ற நார்கள். பார்ப்பதற்குச் செடிதான். ஆனால் அந்தக் கொடி, இலை, நார் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு செல். நடுவில் தடுப்புச் சுவரே கிடையாது. ஒரே உறைக்குள் கோடிக்கணக்கான உட்கருக்கள் மிதக்கின்றன. வேட்டை மீன் தொட்டியின் வளமான தண்ணீரில் அது நாளைக்கு ஒரு விரற்கடை ஓடியது. ஐந்து மாதத்தில் தரை முழுக்கப் பச்சை. அழகாக இருந்ததால் அறுக்க மனம் வராமல் விட்டுவைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அதன் நிறம் மாறியிருந்ததைக் கவனித்தேன். இலை வெளிறி, உள்ளே பச்சை வலை பின்னியது போலத் தெரிந்தது. இலை ஓரத்தில் சின்னச் சின்ன முனைகள். வெளிச்சம் போதவில்லை போல, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலை ஐந்தே முக்காலுக்கு ஹாலுக்கு வந்தபோது தொட்டிக்குள் எதுவுமே தெரியவில்லை. பச்சை கலந்த மோர் மாதிரி இருந்தது தண்ணீர். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பை வழிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தால், லயன்ஃபிஷ் மேல்மட்டத்தில் செவுளை அகல அகலத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

காலெர்ப்பா இனப்பெருக்கம் செய்யும்போது உடம்பில் இருக்கும் அத்தனையும் இனச்செல்களாக மாறி ஒரே நேரத்தில் வெளியே கொட்டிவிடும். மிஞ்சுவது வெள்ளைக் கூடு மட்டும். கரீபியன் பாறைகளில் இப்படிப் பல பச்சைப் பாசி இனங்கள் விடியற்காலையில், இனத்துக்கு இனம் தனித்தனி நேரம் வைத்து, கூட்டமாக வெளியிடுவதை கென்னத் கிளிஃப்டன் 1997இல் எழுதினார். கடலில் அது அற்புதம். 450 லிட்டரில் அது ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஐந்து மாதமாக அது சேர்த்துவைத்த நைட்ரஜன் முழுவதும் ஒரே இரவில் தண்ணீருக்குத் திரும்பிவிடும்.

கலந்து வைத்திருந்த 150 லிட்டர் உப்புத் தண்ணீர் அன்று காப்பாற்றியது. இரண்டு ஏர் பம்புகள், கார்பன் பை, வெள்ளைக் கூடுகளைக் கை கையாக அள்ளி வெளியே போட்டது, மதியம் இன்னொரு நூறு லிட்டர். லயன்ஃபிஷும் அஞ்சாலையும் பிழைத்தன. அப்போது என்னிடம் ஒரு குட்டிக் களவாவும் இருந்தது. இரண்டு வருடமாகக் கையிலிருந்தே இறால் வாங்கித் தின்னும். அதைப் பாறைக்குப் பின்னால் ஒன்பது மணிக்கு எடுத்தேன். முந்தின சாயங்காலம் நிறம் மாறியதைப் பார்த்தபோதே அறுத்து வெளியே போட்டிருந்தால் அது இருந்திருக்கும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். காலெர்ப்பா வைத்திருக்கிறவர்கள் வாரம் ஒரு முறை கட்டாயம் அறுங்கள். வெளிறினால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். நான் அதற்கப்புறம் அதைத் திரும்ப வைக்கவில்லை.

அன்று அள்ளிய பாசியைச் சாக்கடையில் கொட்டவில்லை. மொட்டை மாடியில் தார்பாலின் மேல் பரப்பி, மொறுமொறுவென்று காயும்வரை மூன்று நாள் வெயிலில் போட்டேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பாசி மாடிக்குத்தான் போகிறது. 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பாசி ஒரு சிறு திட்டாகத் தென்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலின் கரைகளில் அது பரவிய கதையை அலெக்சாந்தர் மெய்னெஸ் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு உலகத்துக்குச் சொன்னார். 2000இல் கலிஃபோர்னியாவில் அதே பாசி ஒரு காயலில் முளைத்தபோது தார்பாலினால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, ஒழித்தோம் என்று அறிவிக்க 2006 வரை ஆனது. நம் குருசடையிலும் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் எழுதினார்கள். மண்டபத்தில் மூங்கில் மிதவைகளில் அது செழிப்பாக வளர்வதைப் பார்த்தபோது ஒரு துண்டு எடுத்துவரக் கை துறுதுறுத்தது உண்மை. எடுக்கவில்லை. தொட்டியிலிருந்து கடலுக்கு ஒரு துண்டு பாசிகூடப் போகக்கூடாது என்பதில் நான் கண்டிப்பு.

பாசி வந்த பிறகு மீன்களிடமும் மாற்றம் தெரிந்தது. மொட்டைப் பாறைக் காலத்தில் லயன்ஃபிஷ் பகல் முழுக்கக் குகைக்குள் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தி வெளிச்சத்து மீன் அது, பளீரென்ற விளக்கு பிடிக்காது. இப்போது பாசி நிழல் இருப்பதால் மதியத்திலும் வெளியே வந்து, கஞ்சிப்பாசிக்கு நடுவில் துடுப்பை விரித்து, அதன் இழைகளோடு இழையாக நிற்கிறது. சில சமயம் பாசிக்குள் கூனி மாதிரி சின்ன உயிர்கள் ஓடும். அப்போது அது வாயைக் குவித்து ஒரு பீய்ச்சல் தண்ணீரை அடிக்கும். இழை விலகும், இரை திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

வேட்டையாடும் உயிர் இருந்தால் பாசி தழைக்கும் என்பதைப் பெரிய கடலில் பார்த்தவர்கள் உண்டு. 1974இல் ஜேம்ஸ் எஸ்டஸும் ஜான் பால்மிசானோவும் அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் கடல் நீர்நாய் இருக்கும் தீவையும் இல்லாத தீவையும் ஒப்பிட்டார்கள். நீர்நாய் இருந்த அம்சிட்காவில் கெல்ப் என்ற பெரும்பாசிக் காடு. இல்லாத ஷெம்யாவில் கடல் முள்ளெலிகள் மேய்ந்து தீர்த்த வெறும் பாறை. அந்தக் கட்டுரையைப் படித்தபோது மண்டபத்து அக்கா சொன்ன ஓராதான் எனக்கு ஞாபகம் வந்தது.

காலெர்ப்பா இருந்த இடத்தில் இப்போது ஹாலிமீடா இருக்கிறது. காசு காசாகக் கோத்த பச்சை மாலை மாதிரி இருக்கும். உடம்பில் சுண்ணாம்பு சேர்க்கும் பாசி, அதனால் தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். இதுவும் காலெர்ப்பாவின் உறவுதான், வெளிறுகிறதா என்று தினமும் பார்ப்பேன். அப்படிப் பார்க்கப் போய்த்தான் இதைக் கண்டேன். அது புதுக் காசை இரவில்தான் விடுகிறது. பகலில் மேயும் மீன்கள் தூங்கிய பிறகு, பச்சையே இல்லாத வெள்ளை மொட்டாக. பச்சையம் விடிவதற்குச் சற்று முன்னால்தான் அதற்குள் வந்து சேரும்.  என் தொட்டியில் மேய ஆளில்லை. இருந்தும் அது இரவுக்காகத்தான் காத்திருக்கிறது.

நேற்று இரவு பதினொன்றரைக்கு அஞ்சாலைக்குக் கணவாய்த் துண்டு கொடுக்க விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு டார்ச்சோடு உட்கார்ந்தேன். அது பாறை இடுக்கிலிருந்து நீண்டு, மஞ்சள் மூக்கால் தண்ணீரைத் தடவித் தடவி, இடுக்கியின் முனையைக் கண்டுபிடித்து வாங்கிக்கொண்டது. திரும்பிப் போகும்போது ஹாலிமீடாவின் மேல் உரசிக்கொண்டு போனது. கிளையில் ஏழு புதுக் காசுகள், அரிசி மணி அளவு, வெள்ளை. காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது ஏழும் பச்சை.